கொடைக்கானலுக்கு எது முதலில்: அகலச் சாலையா, அடுக்கு நிறுத்தமா, வடிகாலா?

மூஞ்சிக்கல்லில் எங்கள் மளிகைக் கடை வாசலில் நின்றால் கொடைக்கானலுக்குள் வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கண்ணில் பட்டுவிடும். ஏப்ரல், மே மாதச் சனி, ஞாயிறுகளில் அந்த வண்டிகள் கடை வாசலிலேயே அரை மணி, முக்கால் மணி என்று நின்றுவிடும். கண்ணாடியை இறக்கி, "அண்ணே, ஏரிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். பின் சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும். தண்ணீர் வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறி உட்காருவார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்து வீட்டு அத்தைக்கு மூச்சுத்திணறல் வந்தது. இங்கே முதலுதவி செய்துவிட்டு, தேனி மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 108-ல் நானும் ஏறினேன். மேலே வரும் வண்டிகள் பொறுமை இழந்து இரண்டு வரிசையாகப் பிரிந்து, இறங்கும் பாதையையும் அடைத்திருந்தன. ஓட்டுநர் சைரனை நிறுத்தவே இல்லை. ஒதுங்க நினைத்தவர்களுக்கும் இடம் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கைப்பிடிச் சுவர். வெள்ளி அருவியைத் தாண்டவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தை பிழைத்துவிட்டார். ஆனால் ஆக்ஸிஜன் குழாயைப் பிடித்தபடி அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது என் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு ஊரில் ரோடு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறேன். ஆளுக்கு ஒரு தீர்வு சொல்கிறார்கள். மாற்றுச்சாலை போட வேண்டும் என்கிறார் ஒருவர். இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஊருக்குள் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் உண்டு. கீழேயே வண்டியை நிறுத்தி பஸ்ஸில் ஏற்றி வரலாம் என்பவர்களும் உண்டு. வடிகாலையும் தடுப்புச் சுவரையும் பற்றி மட்டும் மழைக்காலம் தவிர வேறு எப்போதும் யாரும் பேசுவதில்லை. இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நான் பொறியாளர் இல்லை. எளிய கணக்கு போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை நீங்களும் போட்டுச் சரிபார்க்கலாம்.

முதலில், எது யார் கையில்?

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பழனியிலிருந்து வருவதும் அப்படித்தான். வெள்ளி அருவி பக்கத்தில் சுங்கம் வசூலிப்பது நகராட்சி. ஊருக்குள் வார்டுத் தெருக்கள், அவற்றின் வடிகால்கள், பார்க்கிங், குப்பை எல்லாம் நகராட்சி பொறுப்பு. சாலையின் இருபுறமும் பல இடங்களில் வனத்துறை நிலம். மலைப்பகுதியில் கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு என்று வந்தால் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வேறு இருக்கிறது.

24 வார்டு, 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர். இந்த அளவுள்ள ஒரு நகராட்சி, மலைச்சாலையைத் தானே அகலப்படுத்த முடியாது. ஆனால் மன்றத்தில் போடும் தீர்மானத்துக்கு எடை உண்டு. எந்தப் பணிக்கு முதலில் மதிப்பீடு தயாரிப்பது, எந்த நிலத்தை ஒதுக்குவது, எந்தத் தெருவை முதலில் தோண்டுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. மேலே இருக்கும் துறைகளிடம் ஊர் எதைக் கேட்கிறது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. தவறான ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டால் பத்து வருடத்துக்கு அடுத்ததைக் கேட்க முடியாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

நான்கு வழி, ஒரே வாசல்

கொடைக்கானலுக்கு வழி குறைவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். வத்தலக்குண்டு பக்கம் காட்ரோட்டிலிருந்து டம்டம் பாறை, ஊத்து வழியாக ஏறும் பழைய சாலை ஒன்று. பழனியிலிருந்து ஏறுவது இரண்டாவது. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறுவது மூன்றாவது; அது குறுகலானது, மழையில் அடிக்கடி சரிவது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக வருவது நான்காவது.

நான்கும் எங்கே போய்ச் சேர்கின்றன? பண்ணைக்காட்டுப் பாதை ஊத்திலேயே பழைய சாலையோடு கலந்துவிடுகிறது. மற்றவை பெருமாள்மலையில் ஒன்றாகின்றன. அங்கிருந்து ஊருக்குள் வர ஏறக்குறைய 12 கி.மீ. ஒரே சாலை: வெள்ளி அருவி, செண்பகனூர், மூஞ்சிக்கல், அப்புறம் ஏழு ரோடு. நாலு ஓடை தண்ணீரை ஒரு குழாய்க்குள் விடுவது போலத்தான்.

ஊட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்கிவிடுகிறார்கள். இரண்டு சாலையும் கடைசிவரை தனித்தனியாக இருப்பதால் அது முடிகிறது. நம்மால் பெருமாள்மலைக்குக் கீழே அப்படிச் செய்ய முடியும், மேலே முடியாது. நெரிசல் இருப்பதோ மேலேதான்.

ஆகவே "இன்னொரு மலைச்சாலை போடுங்கள்" என்ற கோரிக்கையை நான் இங்கேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். பெருமாள்மலைக்குக் கீழே வந்து சேரும் எந்தப் புதுச் சாலையும் வரிசையை நீளமாக்குமே தவிரக் கரைக்காது. பெருமாள்மலையைத் தொடாமல் ஊரின் மறுபக்கத்திலிருந்து ஒரு சாலை வரவேண்டுமென்றால் காட்டை வெட்ட வேண்டும், பட்டா நிலம் எடுக்க வேண்டும், பள்ளத்தாக்குகளைத் தாண்ட வேண்டும். நம் பழைய மலைச்சாலையே 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, முழுதாகப் பயன்பாட்டுக்கு வர 20-ம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு ஆகிவிட்டது. அதுவரை சனங்கள் பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி, செண்பகனூர் வழியாக நடந்தும் டோலியிலும்தான் ஏறினார்கள். இன்றைக்கு இயந்திரம் இருக்கிறது, அவ்வளவு காலம் ஆகாது. ஆனாலும் வரும் ஐந்தாறு சீசனுக்குள் அது நமக்கு உதவாது என்பது நிச்சயம். ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கு ஐந்தாறு சீசன் என்பது நீண்ட காலம்.

அகலப்படுத்தினால்?

கடைசி 12 கி.மீ.யை அகலப்படுத்துவதுதான் எல்லோருக்கும் உடனே தோன்றும் யோசனை. எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. கணக்கு போட்ட பிறகு மனம் மாறிவிட்டது.

மலை 45 டிகிரி சரிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 மீட்டர் அகலத்துக்கு ஒரு படி வெட்டினால் உட்புறச் சுவர் 7 மீட்டர் உயரம் நிற்கும். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வெட்டியெடுத்த மண் 24.5 கன மீட்டர். அதே படியை 10 மீட்டர் அகலமாக்கினால் சுவர் 10 மீட்டர் உயரமாகிறது, வெட்டிய மண் 50 கன மீட்டர். அதாவது, சாலையின் அகலத்தை மூன்று மீட்டர் கூட்டினால் மலையிலிருந்து எடுக்கும் மண் இரண்டு மடங்காகிறது. கூடுதலாக எடுக்க வேண்டியது மீட்டருக்கு 25.5 கன மீட்டர். 12 கி.மீ.க்குப் பெருக்கினால் மூன்று லட்சம் கன மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு டிப்பரில் ஆறு கன மீட்டர் ஏற்றலாம் என்றால் ஏறக்குறைய 50,000 லோடு.

எல்லா இடத்திலும் சரிவு 45 டிகிரி இல்லை. சில இடங்களில் பள்ளத்துப் பக்கம் சுவர் எழுப்பியும் அகலம் எடுக்கலாம். கணக்கைப் பாதியாகவே குறைத்துக்கொள்வோம். 25,000 லோடு மண்ணை எங்கே கொட்டுவது? பள்ளத்தில் தள்ளினால் கீழே ஓடை, காபித் தோட்டம், அதற்கும் கீழே குடியிருப்பு. சமவெளிக்கு இறக்கினால் அந்த 25,000 லோடும் இதே நெரிசலான சாலையில்தான் போக வேண்டும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது அந்த உயரமான வெட்டு முகம். வேர் பிடித்து நூறு வருடமாக நின்ற சரிவை அடியில் வெட்டிவிட்டால் மேலே இருக்கும் மண்ணுக்குத் தாங்கு இல்லை. 2024 பிப்ரவரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் கட்டுமானத்துக்காக மண் வெட்டிய இடத்தில் மேலிருந்து சரிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அது மழைக்காலமும் இல்லை. ஒரு வீட்டு மனை அளவு வெட்டுக்கே அப்படியென்றால் 12 கி.மீ. நீள வெட்டுக்கு எவ்வளவு கவனம் தேவை என்று யோசியுங்கள்.

நவீன முறைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. நீலகிரியில் சரிவுக்குள் துளை போட்டு நீளமான இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, சிமெண்ட் பால் ஊற்றி இறுக்கி, மேலே வலை போர்த்திப் புல் விதை தெளிக்கும் வேலையை நெடுஞ்சாலைத் துறை செய்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் அது ஏற்கெனவே ஆபத்தாக நிற்கும் சரிவைக் காப்பாற்றும் மருந்து. நன்றாக இருக்கும் சரிவை நாமே வெட்டிவிட்டு, பிறகு அந்த மருந்தை 12 கி.மீ.க்கும் வாங்கக் கூடாது.

அகலப்படுத்திய சாலை கடைசியில் எங்கே போய் முடியும்? மூஞ்சிக்கல்லில், ஏழு ரோட்டில். அங்கே இருபுறமும் கடை, வீடு, கோயில், பள்ளி. ஊருக்குள் அகலப்படுத்த இடம் இல்லாதவரை, மலையில் எவ்வளவு அகலமாக்கினாலும் வண்டிகள் இப்போது ஒரு வரிசையில் நிற்பதற்குப் பதில் இரண்டு வரிசையில் நிற்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நான் ஏற்கிறேன். முழு நீளத்துக்கும் வேண்டாம், அரை கி.மீ., முக்கால் கி.மீ.க்கு ஒன்றாக, பாறை இயல்பாகவே ஒதுங்கியிருக்கும் இடங்களில் 30, 40 மீட்டர் நீளத்துக்கு ஒதுங்கிடம் அமைக்கலாம். ஆம்புலன்ஸ் வந்தால் பஸ் அங்கே ஒதுங்கும். பழுதான வண்டியைத் தள்ளி நிறுத்தலாம். 20 ஒதுங்கிடம் போட்டாலும் மொத்த நீளம் ஒரு கி.மீ.யைத் தாண்டாது. அன்று அந்த 108 ஓட்டுநருக்கு வேண்டியிருந்தது இந்த 30 மீட்டர்தான்.

அடுக்கு நிறுத்தம்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஒரு கார் நிற்க, திரும்ப, வெளியே போக எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும். 300 காருக்கு 7,500 சதுர மீட்டர். நான்கு அடுக்காகக் கட்டினால் அடியில் 45 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் இடம் போதும். காகிதத்தில் அழகாக இருக்கிறது.

ஆனால் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் அனுமதியில், 2025 சீசனில் வார இறுதி உச்சவரம்பே நாளுக்கு 6,000 வண்டி. 300 என்பது அதில் இருபதில் ஒரு பங்கு. "ஊர் நடுவில் பார்க்கிங் இருக்கிறது" என்று தெரிந்ததும் மற்றவர்களும் நேராக அங்கேதான் வருவார்கள். நிறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நாம் நடுமண்டபத்துக்குப் பந்தல் போட்டுவிட்டு வாசலில் கூட்டம் என்று வருத்தப்பட்ட கதையாகிவிடும்.

ஏரிக்குப் பக்கத்தில் பெரிய கட்டடம் எழுப்புவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. 1863-ல் பிரிட்டிஷ் அதிகாரி லெவிஞ்ச் கரை கட்டி நீரைத் தேக்குவதற்கு முன் அந்தப் பள்ளம் ஓடைகள் கூடும் சதுப்பு. ஏரியோரம் இன்றும் தோண்டினால் தண்ணீர் ஊறும். அங்கே அஸ்திவாரம் போடுவது செலவான வேலை. சீசன் இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் நான்கு அடுக்கும் காலியாக நிற்கும், பராமரிப்புச் செலவு மட்டும் நகராட்சிக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தப் பணம் நம் வீட்டு வரி.

கீழே நிறுத்தி மேலே ஏற்றுவது

இதுதான் எனக்குப் பிடித்த யோசனை. அதனாலேயே இதைக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தேன்.

நெரிசலில் நிற்கும் கார் ஒன்று முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து ஆறு மீட்டர் பிடிக்கிறது. 12 கி.மீ.யில் ஒரு வரிசையாக 2,000 கார்தான் நிற்க முடியும். ஒரு காரில் சராசரி நான்கு பேர் என்றால், 25 பேர் ஏறும் ஒரு மினி பஸ் ஆறு காருக்குச் சமம். 36 மீட்டர் சாலையைப் பிடிக்கும் ஆறு காருக்குப் பதில் ஒரே ஒரு பஸ் மட்டும் சாலையில் நிற்கும். மண் வெட்டாமல், மரம் சாய்க்காமல் சாலையை அகலமாக்குவது என்றால் இதுதான்.

இப்போது சங்கடங்கள். ஒரு நாளில் வந்து அன்றே திரும்பும் 1,000 காரைப் பெருமாள்மலையில் நிறுத்துவோம் என்றால் 25,000 சதுர மீட்டர், ஆறு ஏக்கருக்கு மேல் சமதளம் வேண்டும். அங்கே அது இல்லை. இருப்பது சரிவும் தோட்டமும் காடும். 4,000 பேரை ஐந்து மணி நேரத்துக்குள் ஏற்றிவர 160 நடை. போய்வர ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய 50 மினி பஸ் ஓட வேண்டும். முதல் வருடத்திலேயே அதைச் செய்கிறோம் என்று யார் சொன்னாலும் நம்ப முடியாது.

300 காரோடு தொடங்கலாம். இரண்டு ஏக்கருக்குள் முடியும், அதுவும் ஒரே இடத்தில் வேண்டியதில்லை; நான்கைந்து துண்டு நிலமாக இருந்தாலும் போதும். 15 மினி பஸ் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பஸ் வர வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுற்றுலா வருகிறவர் குழந்தையோடு, சுவெட்டரோடு, சாப்பாட்டுக் கூடையோடு வருகிறார். ஒரு முறை அரை மணி நேரம் மழையில் நின்றுவிட்டால் அடுத்த முறை காரோடு மேலேதான் வருவார். ஊருக்கெல்லாம் சொல்லவும் செய்வார்.

லாட்ஜில் தங்குபவர்களை இதில் சேர்க்கக் கூடாது. பெட்டி படுக்கையோடு பஸ் மாறச் சொல்வது நடக்காது. அவர்கள் ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்குவார்கள். இடையில் வண்டி அறை வாசலில் நிற்கட்டும். காலையில் வந்து மாலையில் இறங்குபவர்களைத்தான் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

இந்த இரண்டு வகையினரையும் பிரித்தறியும் வசதி இப்போது நம்மிடம் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசன் மாதங்களுக்கு எண்ணிக்கையும் வரையறுத்தார்கள்: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. எங்கள் வியாபாரிகள் பலருக்கு இதில் கோபம் இருந்தது. எனக்கும் அந்த ஏப்ரலில் விற்பனை குறைந்தது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் மறுக்க முடியாது. எத்தனை வண்டி வருகிறது என்பது முதல் முறையாக ஊகமாக இல்லாமல் கணக்காகக் கையில் இருக்கிறது. பாஸ் எடுக்கும்போதே, அன்றே திரும்புபவருக்குப் பெருமாள்மலையில் இடமும் மினி பஸ் டிக்கெட்டும் சேர்த்துக் கொடுத்தால், வெள்ளி அருவியில் நின்று ஒவ்வொரு வண்டியையும் மறிக்க வேண்டிய தேவை குறையும்.

வண்டியின் அளவைக் கட்டுப்படுத்தினால் நெரிசல் தளரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 12 மீட்டருக்கு மேல் நீளமான வாகனங்களுக்கு 2024 நவம்பரில் மலைச்சாலையில் தடை வந்தது. அதற்கு முன், நீளமான பஸ் ஒன்று வளைவில் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்ப முடியாமல் நிற்கும். பின்னால் நூறு வண்டி காத்திருக்கும். எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லாரி ஓட்டுநர் சொல்வார், "ரோடு அதே ரோடுதான் மாமா, ஆனா இப்ப வளைவுல பயமில்லாம திரும்புறேன்" என்று.

உள்ளூர் டாக்சி, ஜீப் ஓட்டுநர்கள் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. பஸ்ஸில் ஏறி வந்தவருக்கு 12 மைல் சுற்றுச்சாலை, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் பார்க்க வண்டி வேண்டும். சொந்தக் காரோடு வந்தவர் உள்ளூர் டாக்சியைக் கூப்பிடுவதில்லை. பஸ்ஸில் வந்தவர் கூப்பிடுவார். முறையாகக் கட்டணம் நிர்ணயித்து, வரிசை முறை வைத்தால் அவர்களுக்கு வேலை கூடும் என்றே நினைக்கிறேன்.

யாரும் கேட்காத வடிகால்

போன ஐப்பசியில் செண்பகனூருக்குக் கீழே ஒரு வளைவில் பைக்கை நிறுத்தினேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து வரும் ஓடைத் தண்ணீர் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலக் குழாய்க்குள் போக வேண்டும். குழாய் வாயில் ஒரு மரக்கிளை குறுக்கே மாட்டி, அதன் மேல் பைன் ஊசிகளும் சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் படிந்து மூடிக்கிடந்தன. தண்ணீர் சாலை மேல் ஏறி, குறுக்கே பாய்ந்து, பள்ளத்துப் பக்கம் கைப்பிடிச் சுவருக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. சாலைப் பணியாளர் ஒருவர் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கினார். கிளையை நெம்பி எடுக்கப் பத்து நிமிடம். குப்பையை வாரிப் போட இன்னொரு பத்து நிமிடம். குழாய் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சாலை மேலிருந்த தண்ணீர் கண் முன்னே வடிந்தது. பிறகு அவர் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சுவருக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணே இல்லை. தாரும் சுவரும் காற்றில் நின்றன.

அந்த இடத்தில் அடுத்த மழையில் சாலை உள்வாங்கியிருந்தால் செய்தியில் "கனமழையால் மண்சரிவு" என்றுதான் வந்திருக்கும். உண்மையான காரணம் ஒரு கிளையும் சில பாக்கெட்டுகளும்.

மலைச்சாலையைக் கெடுப்பது வண்டியை விடத் தண்ணீர்தான். மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இறங்க அதன் எடை கூடுகிறது, மண் துகள்களுக்கு இடையே உள்ள பிடி தளர்கிறது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவர் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நல்ல சுவரில் ஒரு மீட்டருக்கு ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று நீர் கசியும் துளை வைத்து, பின்னால் ஜல்லி நிரப்புவார்கள். அடுத்த முறை போகும்போது பாருங்கள்: மழை விட்ட மறுநாளும் துளைகளில் சொட்டிக்கொண்டிருக்கும் சுவர் உயிரோடு இருக்கிறது. துளை காய்ந்து, சுவர் வயிறு தள்ளியிருந்தால் அது ஆபத்து. கம்பி வலைக்குள் கல் அடுக்கிய சுவரில் இந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர் கல்லிடுக்கு வழியே தானாக வெளியேறிவிடும்.

2009 நவம்பரில் நீலகிரியில் நடந்ததை மறக்கக் கூடாது. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் சரிந்தது, 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலையும் ரயில் பாதையும் துண்டாயின. 2018 நவம்பரில் கஜா புயல் நம் மலை மீது வந்தபோது மரங்கள் விழுந்து நாமும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தோம். அப்போது நம்மிடம் இருந்தது இதே ஒரு வாசல்தான். அந்த 12 கி.மீ.யில் ஒரு சிறுபாலம் அடித்துக்கொண்டு போனால் நான்கு மலைச்சாலை இருந்தும் ஊருக்கு அரிசி வராது, கேஸ் வராது, தேனிக்கு ஆம்புலன்ஸ் போகாது.

ஊருக்குள்ளும் இதே கதைதான். ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான் வெள்ளி அருவியாகச் சாலையோரம் விழுகிறது. மேலே வார்டுத் தெருவில் சாக்கடையை மூடி பேவர் பிளாக் பதித்தால், முன்பு மண்ணில் இறங்கிய தண்ணீர் இப்போது ஒரே ஓட்டமாக ஏரிக்கும் சாலைக்கும் வருகிறது. நகராட்சியின் தெருவும் நெடுஞ்சாலைத் துறையின் சாலையும் காகிதத்தில்தான் வேறு வேறு, தண்ணீருக்கு ஒன்றுதான்.

என் வரிசை

ஐந்தையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான். வடிகாலும் தடுப்புச் சுவரும் முதலில். அதனோடு சேர்த்து ஒதுங்கிடங்கள். சுவர் வேலைக்கு இயந்திரம் வரும்போதே இதையும் முடித்துவிடலாம். அடுத்தது 300 காருக்குக் கீழ் நிறுத்தமும் மினி பஸ்ஸும். ஊருக்குள் பார்க்கிங் வேண்டுமென்றால் ஏற்கெனவே சமதளமாக இருக்கும் இடங்களில் ஒரே தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முழு அகலப்படுத்தலும் புதிய மலைச்சாலையும் இந்த வேலைகளின் பலனைப் பார்த்த பிறகு பேச வேண்டியவை. மினி பஸ் சரிப்படாவிட்டால் நிறுத்திவிடலாம், நிலம் அப்படியே இருக்கும். வெட்டிய மலையை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

டெண்டர் விடும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் வேலைக்காக வேறொரு சமவெளி ஊரில் குடியிருந்தேன். எங்கள் தெருவுக்குப் புதுத் தார் போட்டார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக் கொண்டாடினார்கள். மூன்றாவது மாதம் குடிநீர்க் குழாய்க்காக நடுவில் தோண்டினார்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனவர்கள் திரும்பவே இல்லை. அடுத்த மழையில் என் அப்பா அந்தக் குழியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டார். குழாய், கேபிள், சாக்கடை எல்லாம் முடிந்த பிறகே மேல்தளம் என்று வரிசையை எழுத்தில் வைக்காவிட்டால் எந்த ஊரிலும் இது நடக்கும். மலையில் தோண்டிய பள்ளம் பத்து நாளில் ஓடையாகிவிடும் என்பதால் இங்கே இன்னும் முக்கியம்.

ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்காக 1998-ல் மாநிலச் சட்டமே இருக்கிறது. வார்டு குழுவுக்கும், வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் 2022-ல் விதிகள் வந்துவிட்டன. ஏரியா சபையில் உட்கார்ந்து "ரோடு போடுங்க" என்று மட்டும் கேட்டால் ரோடுதான் போடுவார்கள். எந்தச் சிறுபாலம், எத்தனை அங்குலக் குழாய், சுவரில் துளை உண்டா, குறை வந்தால் ஒப்பந்ததாரர் எத்தனை வருடம் பொறுப்பு என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் நான்கு பேர் ஒரு மழை நாளில் குடையோடு நடந்து, தண்ணீர் எங்கே சாலை ஏறுகிறது என்று போனில் படம் எடுத்து வைத்தால் அதைவிட நல்ல ஆய்வு அறிக்கை கிடையாது.

கடைசியாகக் காலக் கணக்கு. அக்டோபர், நவம்பரில் கனமழை. ஏப்ரல், மே சீசன். ஜூனில் சீசன் முடிந்த கையோடு காற்றும் சாரலும் வந்துவிடும். மலையில் சுவர் கட்ட, சிறுபாலம் போட நமக்குக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதம். ஜனவரி முதல் வாரத்தில் கல் இறங்க வேண்டுமென்றால் டிசம்பருக்குள் பணி ஆணை கொடுத்திருக்க வேண்டும். அதற்கு டெண்டர் அக்டோபரில் விட வேண்டும், மதிப்பீடு ஆகஸ்டில் மன்றத்துக்கு வர வேண்டும். அந்த ஆகஸ்ட் கூட்டத்தின் பொருள் நிரலில் பெருமாள்மலை முதல் ஏழு ரோடு வரை உள்ள சிறுபாலங்களின் பட்டியல் இருக்கிறதா என்று உங்கள் கவுன்சிலரிடம் ஜூலையிலேயே கேளுங்கள். நான் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்டிருக்கிறேன். செண்பகனூர் வளைவின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.